குவாய் ஆற்றுப் பாலமும் நம் தோட்டங்களும்: படத்துக்கு முன் நாவலை ஏன் படிக்க வேண்டும்?

2022 செப்டம்பர் 30ஆம் தேதி ‘பொன்னியின் செல்வன்’ முதல் பாகம் திரையரங்குகளுக்கு வந்தது. அதற்கு முன்பிருந்தே, புத்தகத்தின் பக்கம் போகாத வீடுகளிலும் இதே பேச்சு. கல்கியின் ஐந்து பாகங்களையும் முதலில் படித்து முடிப்பதா, அல்லது படத்தைப் பார்த்துவிட்டு நிதானமாகப் படிப்பதா? படித்துவிட்டுப் போனவர்கள் மணிமேகலையைத் தேடினார்கள். அவள் படத்தில் இல்லை. சேந்தன் அமுதனின் பிறப்பு ரகசியம் எப்போது வெளிப்படும் என்று இரண்டாம் பாகம் வரை காத்திருந்தார்கள். அந்த முடிச்சையே படம் கழற்றிப் போட்டிருந்தது. படிக்காமல் போனவர்களுக்கு இந்த ஏமாற்றம் எதுவும் இல்லை. நிம்மதியாகப் பார்த்துவிட்டு வந்தார்கள்.

அப்படியானால் படிக்காமல் போவதுதான் நல்லதா? பொழுதுபோக்கு என்று மட்டும் பார்த்தால், ஆம் என்றுகூடச் சொல்லலாம். சோழர் கதையைத் திரையில் எப்படி மாற்றினாலும் நம் வீட்டு நினைவு எதுவும் அதனால் கெட்டுப்போவதில்லை. ஆனால் சில நாவல்களும் படங்களும் நம் தாத்தா பாட்டி காலத்தைத் தொடுகின்றன. அங்கே எதை முதலில் படிக்கிறோம், எதை முதலில் பார்க்கிறோம் என்பதற்கு வேறு பொருள் உண்டு. கோலா சிலாங்கூர் வட்டாரத்துக்கு நெருக்கமான அப்படியொரு நாவலும் படமும் இருக்கின்றன. அந்த நாவலை எழுதியவர் ஒரு பிரெஞ்சுக்காரர்.

தென்னமரம் தோட்டத்திலிருந்து ஒரு நூல்

பெஸ்தாரி ஜெயாவை இன்னும் பத்தாங் பெர்ஜுந்தை என்றே சொல்லும் பெரியவர்களுக்குத் தென்னமரம் தோட்டத்தைத் தெரியும். நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் அதுதான். 1917இல் அங்கே செம்பனையை நட்டவர் ஆன்ரி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர். 1905இல் மலாயாவுக்கு வந்து, கோலா சிலாங்கூரை அடுத்த ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் தோட்டம் போட்டவர். பிற்காலத்தில் அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் புகழ்பெற்ற கோன்கூர் பரிசு கிடைத்தது. அதன் ஆங்கில மொழிபெயர்ப்பின் தலைப்புக்கு ‘மலாயாவின் ஆன்மா’ என்று பொருள். நாவலில் தோட்டம் உண்டு, துரைமார்கள் உண்டு, தமிழ்த் தொழிலாளர்களும் உண்டு. அது ஒரு துரையின் கண்ணுக்குத் தெரிந்த தோட்டம் என்பதை மனத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

ஃபோக்கோனியேவின் தோட்டங்களோடு சேர்ந்து வளர்ந்த நிறுவனம் சொக்ஃபின். அதில் வேலை செய்ய 1936இல் மலாயாவுக்கு வந்தவர் பியேர் பூல். பொறியியல் படித்த இளைஞர். ரப்பர் தோட்டத்தில் சில ஆண்டுகள் இருந்தார். போர் வந்ததும் ஜெர்மனிக்கு எதிரான சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். 1942இல் இந்தோசீனாவில் பிடிபட்டுச் சிறைக்குப் போனார். அவரைப் பிடித்தவர்கள் ஜப்பானியர் அல்லர். ஜெர்மனிக்குப் பணிந்துபோன பிரெஞ்சு அரசின் ஆட்கள், அதாவது அவருடைய சொந்த நாட்டவர்கள். இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு அங்கிருந்து தப்பினார். தோட்ட அனுபவத்தை வைத்து ஒரு நாவல் எழுதினார். அதன் பிறகு, 1952இல் வெளிவந்த நாவல்தான் அவரை உலகம் முழுவதும் அறியவைத்தது: ‘குவாய் ஆற்றுப் பாலம்’.

சயாம்–பர்மா ரயில் பாதைதான் அதன் களம். ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரிட்டிஷ் படையினர் ஓர் ஆற்றின் மேல் பாலம் கட்ட வேண்டும். அவர்களின் தலைவர் கர்னல் நிக்கல்சன், அதிகாரிகள் கைவேலை செய்ய மாட்டார்கள் என்று முரண்டுபிடித்துத் தண்டனை அனுபவிக்கிறார், கடைசியில் ஜெயிக்கிறார். ஜெயித்தவர் என்ன செய்கிறார் தெரியுமா? தம் படையின் திறமையைக் காட்டுவதற்காக எதிரிக்கு மிகச் சிறந்த பாலத்தைக் கட்டிக்கொடுக்கிறார். அதைத் தகர்க்கத் தம் நாட்டு வீரர்களே வரும்போது குறுக்கே நிற்கிறார்.

பாலம் இடிந்ததா, இல்லையா?

1957இல் டேவிட் லீன் இயக்கத்தில் படம் வந்தது. சிறந்த படம், சிறந்த இயக்குநர், சிறந்த நடிகர் உட்பட ஏழு ஆஸ்கார் விருதுகள். சிப்பாய்கள் சீழ்க்கையடித்தபடி அணிவகுத்து வரும் காட்சியைப் படம் பார்க்காதவர்கள்கூட எங்காவது கண்டிருப்பார்கள், அந்த மெட்டையாவது கேட்டிருப்பார்கள்.

படத்தின் உச்சக்கட்டத்தில் பாலம் வெடித்துச் சிதறுகிறது. ரயில் ஆற்றில் கவிழ்கிறது. நாவலில் பாலம் இடிவதே இல்லை. ரயில் தடம் புரள்கிறது, அவ்வளவுதான். எதிரிக்காகக் கட்டிய பாலம் அப்படியே நிற்கிறது. தகர்க்க வந்தவர்களில் உயிரோடு எஞ்சிய ஒருவர், பிடிபட்ட தம் தோழர்களையே பீரங்கிக் குண்டால் கொன்றுவிட்டுத் திரும்ப வேண்டியதாகிறது. தற்பெருமை எதைக் கட்டி வைத்ததோ அதைப் போர் அழிக்கவில்லை என்ற கசப்பில்தான் பூல் கதையை முடிக்கிறார். படம் பார்த்தவர்களுக்கு அந்தக் கசப்பின் இடத்தில் ஒரு வாணவேடிக்கை கிடைக்கிறது.

காரணம் புரியாததல்ல. காட்டுக்குள் அவ்வளவு பெரிய மரப்பாலத்தை உண்மையாகவே கட்டி முடித்த தயாரிப்பாளர், அதை வெடிக்காமல் விட்டுவிட்டு ஊர் திரும்புவாரா? நாவலில் பிரிட்டிஷ்காரராக வரும் ஷியர்ஸ் படத்தில் அமெரிக்கராகிறார். வில்லியம் ஹோல்டன் நடித்தார். அமெரிக்கச் சந்தைக்கு ஓர் அமெரிக்க நாயகன் தேவைப்பட்டார். திரைக்கதைக்கான ஆஸ்கார் விருதோ பூலின் பெயருக்கே போனது. அதில் ஒரு வரிகூட அவர் எழுதியதில்லை. எழுதிய கார்ல் ஃபோர்மேன், மைக்கேல் வில்சன் இருவரும் கம்யூனிஸ்டு ஆதரவாளர்கள் என்று ஹாலிவுட் ஒதுக்கி வைத்திருந்ததால் அவர்களின் பெயர் திரையில் வரவில்லை. 1980களில்தான் அந்தத் தவறு திருத்தப்பட்டது.

படம் எடுக்கப்பட்டதும் சயாமில் அல்ல, இலங்கையில். ஹட்டனுக்கு ஏறிப் போகும் சாலையில் உள்ள கித்துல்கலை என்னும் ஊரில், களனி ஆற்றின் மேல் அந்தப் பாலம் கட்டப்பட்டது. அதே சாலை மேலே போனால் மலையகத் தமிழர்களின் தேயிலைத் தோட்டங்கள்.

இதையெல்லாம் விட வியப்பானது ஆற்றின் பெயர். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் உண்மையான பாலம் நின்றது மே குளோங் ஆற்றின் மேல். பூல் அந்த இடத்தைப் பார்த்ததில்லை. குவாய் என்று எழுதிவிட்டார். படம் பார்த்துவிட்டு வந்த சுற்றுப்பயணிகள் குவாய் ஆறு எங்கே என்று கேட்கத் தொடங்கினார்கள். 1960இல் தாய்லாந்து அந்த ஆற்றுப் பகுதிக்கே ‘குவாய் யாய்’ என்று பெயர் மாற்றிவிட்டது. நாவலாசிரியர் செய்த பிழை, படத்தின் வழியாக வரைபடத்துக்குள் ஏறிக்கொண்டது. ஒரு திரைப்படத்தின் பலம் எவ்வளவு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

யார் அங்கே இல்லை

அந்தப் பலம்தான் நமக்குக் கவலை தருவது. தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர். 1942இல் தொடங்கிய வேலை, 1943 அக்டோபரில் இரு முனைத் தண்டவாளங்களும் சந்தித்தபோது முடிந்தது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் சுமார் 60,000 பேர் வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். ஆசியத் தொழிலாளர்களோ 180,000க்கும் மேல். அவர்களில் இறந்தவர்கள் 90,000 பேர் வரை இருக்கலாம் என்று மதிப்பிடப்படுகிறது. மலாயாவிலிருந்து போனவர்கள் மட்டும் 70,000க்கும் மேற்பட்டோர். பெரும்பாலும் தோட்டத்துத் தமிழர்கள்.

பூலின் நாவலில் பெயர் சொல்லும்படியான ஒரு தமிழ்ப் பாத்திரம் கிடையாது. படத்திலும் கிடையாது. அதிகாரிகள் மண் சுமக்கலாமா கூடாதா என்பதே அங்கே பெரிய வழக்கு. தோட்டத்திலிருந்து போனவருக்கு அப்படி வழக்காட ஓர் இடமே இருந்ததில்லை. கைதிகளுக்குத் தங்கள் படை மருத்துவர்கள் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது, யார் இறந்தார் என்று எழுதிவைக்க ஆள் இருந்தது. தோட்டத் தொழிலாளருக்கு இதில் எதுவும் இல்லை. 1943இல் காலரா வந்தபோது முகாம் முகாமாகச் செத்தார்கள். காஞ்சனபுரிப் போர்க் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கைதிகளின் கல்லறைகள் வரிசையாக, பெரும்பாலும் பெயரோடு இருக்கின்றன. தமிழர்கள் மொத்தமாகக் குழிகளில் புதைக்கப்பட்டார்கள் அல்லது எரிக்கப்பட்டார்கள்.

அவர்கள் எப்படி அங்கே போனார்கள்? முதலில் நல்ல சம்பளம், குறைந்த காலம் என்று ஆசை காட்டினார்கள். போனவர்கள் திரும்பாததைக் கண்டு மற்றவர்கள் மறுத்தபோது பிடித்துக்கொண்டு போனார்கள். வரலாற்று நூல்கள் குறிப்பிடும் ஒரு வழியைத் தெரிந்துகொண்டால் மனம் ஒருகணம் நின்றுவிடும். இலவசமாகப் படம் காட்டுகிறோம் என்று அறிவிப்பது. மக்கள் கொட்டகைக்குள் கூடியதும் கதவைச் சாத்துவது. அப்படியே ரயிலேற்றி சயாமுக்கு அனுப்புவது.

படம் பார்க்கப் போனவர்கள் கட்டிய பாதை அது. அந்தப் பாதையைப் பற்றிய உலகப் புகழ் பெற்ற படத்தில் அவர்கள் இல்லை.

இப்போது கேள்விக்கு வருவோம். பதினைந்து வயதுப் பிள்ளை ஒன்று, எதையும் படிக்காமல் இந்தப் படத்தைப் பார்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் நன்றாகவே இருக்கும். லீன் சாதாரண இயக்குநர் அல்லர். அதன் பிறகு ‘சயாம் ரயில்’ என்று யார் சொன்னாலும் அந்தப் பிள்ளையின் மனத்தில் சீழ்க்கையடிக்கும் வெள்ளைக்காரச் சிப்பாய்தான் எழுந்து நிற்பான். தாத்தாவின் அண்ணன் அங்கே போய்த் திரும்பவில்லை என்று வீட்டில் யாராவது சொன்னால்கூட அவரை நிறுத்த அந்தக் காட்சியில் இடமிருக்காது. திரையில் பார்த்த முகத்தை மனத்திலிருந்து எடுப்பது கடினம். எழுத்தில் படிக்கும்போது முகத்தை நாமே வைத்துக்கொள்கிறோம், அதுவும் பெரும்பாலும் தெரிந்தவர்களின் முகத்தை.

முதலில் படிக்க வேண்டியவை

அதனால் இங்கே ‘நாவலை முதலில் படி’ என்று சொல்லும்போது பூலின் நாவலை மட்டும் சொல்வதில் பயனில்லை. மலேசியத் தமிழில் இதே ரயில் பாதையைப் பற்றி எழுதப்பட்ட நாவல்கள் உண்டு. ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’ ஒன்று. அ. ரெங்கசாமியின் ‘நினைவுச்சின்னம்’ இன்னொன்று. இவற்றில் லயத்திலிருந்து ஆள் புறப்படுகிறார். பின்னால் ஒரு குடும்பம் நிற்கிறது. பூலுக்குப் பாலம் எதைக் குறிக்கிறது என்பது முக்கியம். இவர்களுக்கு அதைக் கட்டியவர்கள் யார் என்பது முக்கியம். தமிழ் நாவலை முதலில் படித்து, பிறகு பூலைப் படித்து, கடைசியில் படம் பார்த்தால், படத்தின் அழகும் தெரியும், அது விட்டுவிட்டுப் போன கூட்டமும் தெரியும். வரிசை மாறினால் முதலாவது மட்டும் தெரியும்.

இந்த மறதி வெள்ளைக்காரப் படங்களுக்கு மட்டுமே உரியது என்று நினைத்துவிடவும் கூடாது. நம் தோட்டங்களில் பலரும் கண்ணீரோடு பார்த்த ‘பரதேசி’ படத்தை எடுத்துக்கொள்வோம். 2013 மார்ச்சில் வந்த பாலாவின் படம். அதற்கு அடிப்படை, பால் ஹாரிஸ் டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969இல் வெளிவந்த நாவல், இரா. முருகவேள் அதை ‘எரியும் பனிக்காடு’ என்று தமிழாக்கினார். டேனியல் வால்பாறை வட்டாரத் தேயிலைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்தவர், தொழிலாளர்களுக்குச் சங்கம் அமைத்தவர். அவர் நாவலில் கருப்பனும் வள்ளியும் கணவன் மனைவியாகச் சேர்ந்தே மலையேறுகிறார்கள். முன்பணம் கொடுத்துக் கூட்டிப்போகும் மேஸ்திரியைப் படிக்கும்போது நம் பெரியவர்களுக்குக் கங்காணி நினைவுக்கு வராமல் போகாது. முறை ஒன்றுதான், கடல் மட்டும் இடையில் இல்லை.

படத்தில் நாயகன் தனியாகப் போகிறான். ஊரில் விட்டுவந்த காதலி, பிள்ளையோடு கடைசிக் காட்சியில் அதே குழிக்குள் வந்து சேர்கிறாள். இந்த மாற்றத்தைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கடைசிக் காட்சியின் கனம் நாவலைப் படித்தவர்களையும் உலுக்கியது.

மருத்துவரை மாற்றியதுதான் உறுத்துகிறது. நாவலில் ஆபிரகாம் என்ற மருத்துவர் வருகிறார். நோயும் அழுக்கும் சாவும் நிறைந்த இடத்தில் நிலைமையை மாற்றப் பாடுபடுபவர். எழுதியவரின் சாயல் அவரிடம் இருப்பதைக் காண்பது கடினமல்ல. படத்தில் வரும் மருத்துவரோ மதம் மாற்ற வந்தவராக, ஆட்டம் பாட்டத்தோடு காட்டப்படுகிறார். படம் வந்தபோதே இது விவாதமானது. படத்தை மட்டும் பார்த்தவர், தோட்டத்து மருத்துவர் ஒருவர் தொழிலாளர் பக்கம் நின்று போராடினார், அவரே இந்தக் கதையை எழுதினார் என்பதை அறியாமலே வீடு திரும்புவார். தோட்டத்தில் சங்கம் எப்படி வந்தது என்ற கதையும் அதோடு போய்விடுகிறது. சங்கத்தால் சம்பளமும் மரியாதையும் பெற்ற குடும்பங்களுக்கு இது சின்ன இழப்பல்ல.

இயக்குநர் நாவலை மாற்றவே கூடாது என்பது இதன் பொருளல்ல. ‘முள்ளும் மலரும்’ உமாசந்திரனின் நாவல். கல்கி வார இதழின் வெள்ளிவிழாப் போட்டியில் பரிசு பெற்றது. 1978இல் மகேந்திரன் அதைப் படமாக்கியபோது நாவலை அப்படியே பின்தொடரவில்லை. காளி என்ற ஆளைப் பிடித்துக்கொண்டு தம் வழியில் போனார். ரஜினிகாந்தின் மிகச் சிறந்த படங்களில் ஒன்றாக அது நிற்கிறது. மாற்றம் எல்லாம் கெடுதல் என்றால் அந்தப் படமே இல்லை. மாற்றத்தில் யாருடைய குரல் அடங்கிப்போனது என்பதைப் பார்க்க வேண்டும். நாவலைப் படித்தவருக்குத்தான் அது கண்ணில் படும்.

நேரம் எங்கே என்ற கேள்வியும் நியாயமானது. வேலை முடிந்து வீடு திரும்பி, சமைத்து, பிள்ளைகளைப் பார்த்து, பிறகு முந்நூறு பக்கம் படிப்பது எளிதல்ல. இரண்டரை மணி நேரத்தில் படம் முடிந்துவிடும். ஆனால் முழு நாவலையும் முடித்தால்தான் படம் பார்க்கலாம் என்று சட்டம் எதுவும் இல்லை. முதல் ஐம்பது பக்கம் படித்திருந்தால்கூட, திரையில் யார் வரவில்லை என்பது தெரிந்துவிடும். வீட்டில் ஒருவர் படித்துக்காட்ட, பாட்டி கேட்டுக்கொண்டிருப்பதும் படிப்புத்தான். எஸ்பிஎம் தமிழ் இலக்கியம் எடுக்கும் மாணவர்கள் பாடத்துக்காக எப்படியும் ஒரு நாவல் படிக்கிறார்கள். தங்கள் ஊர்க் கதையைச் சொல்லும் இன்னொன்றைச் சேர்த்துக்கொள்வது அவர்களுக்குப் பெரிய சுமையாகாது.

‘படம் வரட்டும், பார்த்துக்கொள்ளலாம்’ என்று காத்திருப்பதில் ஒரு சிக்கலும் உண்டு. அகிலனின் ‘பாவை விளக்கு’ 1960இல் சிவாஜி நடித்த படமானது. ‘கயல்விழி’ 1978இல் எம்ஜிஆர் நடித்த ‘மதுரையை மீட்ட சுந்தரபாண்டியன்’ ஆனது. அதே அகிலன் மலேசியாவுக்கு வந்து, தோட்டங்களைப் பார்த்து, நம் ரப்பர் காட்டு மக்களை வைத்து எழுதிய ‘பால்மரக் காட்டினிலே’ நாவலைத் தேடி எந்தத் தயாரிப்பாளரும் வரவில்லை. சண்முகத்தின் ரயிலும் ரெங்கசாமியின் நினைவுச்சின்னமும் இன்றுவரை புத்தகமாகவே இருக்கின்றன.

ஜப்பான்காரன் காலத்தில் தகப்பனை சயாமுக்கு அனுப்பிவிட்டு லயத்தில் காத்திருந்த பிள்ளைகளில் இன்று உயிரோடு இருப்பவர்களுக்கு எண்பது வயதுக்கும் மேல். ஈஜோக்கிலோ ஜெராமிலோ புக்கிட் ரோத்தானிலோ அப்படி ஒருவர் வீட்டில் இருந்தால், அந்த நாவல்களில் ஒன்றை அவருக்கு எதிரில் உட்கார்ந்து வாசிக்கலாம். எந்தப் பக்கத்தில் நிறுத்த வேண்டும், எங்கே திருத்த வேண்டும் என்பதை அவரே சொல்லுவார்.